கப்பலை நெருங்கிய பச்சைப் படகு

பழவேற்காட்டுப் படகுத்துறையில் வெயில் ஏறிவிட்டது. பொன்னேரி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறேன். கடலோரக் காவல் எஸ்.ஐ. ஒருவர் வேகமாக வந்து மீனவர்களிடம் கேட்கிறார்.

"துறைமுகத்துக்கு வெளில நிக்கிற சரக்குக் கப்பல்லேர்ந்து தகவல் வந்திருக்கு. பச்சைப் படகு ஒண்ணு கிட்ட வருதாம். திருடங்களோனு பயப்படுறாங்க. யாரு படகு?"

மீன் பிரித்துக்கொண்டிருந்த கெஜலட்சுமி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறாள். "எங்க வூட்டுக்காரு சார்! விடியக்காலைலயே வரவேண்டியவரு. இன்ஜின் நின்னுப்பூட்டிருக்கும், ஒத்தாசை கேக்கத்தான் போறாரு. திருடங்கனு நெனச்சு அவங்க கப்பல்லேர்ந்து ஹோஸ் வச்சித் தண்ணி அடிச்சா படகு கவுந்துடும், சொல்லுங்க சார்!"

"இன்னாம்மா அடையாளம்?"

"முன்னாடி வெள்ளைல மீன் வரைஞ்சிருக்கும். கூட என் கொழுந்தனும் கீறான்."

எஸ்.ஐ. போனில் துறைமுகத்துக்குச் சொல்கிறார். அங்கிருந்து வயர்லெஸ்ஸில் தகவல் கப்பலுக்குப் போக வேண்டும். அதுவரை யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நானும் காரணமில்லாமல் முன்னும் பின்னும் நடக்கிறேன். இழுத்துவருவதற்காக ஒரு படகு தயாராகிறது.

போன் ஒலிக்கிறது. கேட்டுவிட்டு எஸ்.ஐ. சொல்கிறார். "வெள்ளை மீன் தெரியுதுன்னு சொல்றாங்கம்மா. கயிறு போட்டுப் புடிச்சு வச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் தண்ணியும் ரொட்டியும் எறக்கிக் குடுத்தாங்களாம்."

கெஜலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள்.

"ரொட்டியா? எங்க உசுர வாங்கிட்டு அங்க குந்திகினு ரொட்டி துன்னுதா அது?"

திட்டிக்கொண்டே, கிளம்புகிற படகில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.