இடது ஓரத்துக் காலடிகள்

எங்கள் ஊர்க் குளம் வற்றும் மாதங்களில் அதன் நடுவே பந்தாட்டம் நடக்கும். நான் நான்காம் வகுப்பில் படித்த கோடையில், கொப்பரை வியாபாரம் செய்த முதலாளி ஒருவர் பதினொரு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஒரு குழு வைத்திருந்தார். பெயருக்கு அவர்கள் பண்டகசாலையில் கொப்பரை நிறுப்பவர்கள். உண்மையான வேலை பந்து உதைப்பது. முன்வரிசை ஐந்து பேரில் நடுவில் ஆடியவர் என் சித்தப்பா.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோல் போட்டவரை மற்றவர்கள் தோளில் தூக்கி, நடுக்கோடுவரை சுமந்து வந்து இறக்குவார்கள். சித்தப்பா அப்படித் தூக்கப்பட்டு இரண்டு கைகளையும் விரித்தபடி வருவதைப் பார்க்கத்தான் நான் அப்பாவோடு குளக்கரைக்குப் போவேன். ஆட்டத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது.

இடது ஓரத்தில் ஆடியவர் பண்ணை வயலில் ஏர் உழுதவர். அவர் ஓடுவதைப் பார்த்த முதலாளி பண்ணையாரிடம் பேசி அழைத்து வந்திருந்தார். இடைவேளையில் எல்லோரும் பனையோலைப் பட்டையில் அக்கானி என்னும் பதநீர் வாங்கிக் குடிப்பார்கள். அவருக்கு மட்டும் தனிப்பட்டை, ஊற்றுவதும் உயரத்திலிருந்து. குடித்துவிட்டு அவர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். தெருவில் அவர் ஆட்களுக்கு நடப்பதுதான் அது என்பதால் எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அந்தக் கோடையில் தொடர்ந்து சில ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு அதுவே பொழுதுபோக்காயிற்று.

"ஏலே, எடது ஓரத்துல ஒருத்தன் சும்மா நிக்கானே, எதுக்காக்கும்?"

"கொக்கு வெரட்டதுக்கு நிப்பாட்டியிருக்கு மக்கா."

முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். அப்பா மிஷன் பள்ளியில் டிரில் ஆசிரியர். முதலாளி அவரை அழைத்து, முன்வரிசையைக் கவனித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். குறை இடது ஓரத்தில் என்றால் அந்த ஆளை அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். விட்டு வந்த பண்ணைக்கு அவர் திரும்ப முடியாது என்பதும், வீட்டில் கைக்குழந்தை இருந்தது என்பதும் அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் கோடை மழை பெய்து குளத்துக் களிமண் நெகிழ்ந்திருந்தது. அன்றும் கோல் இல்லை. அப்பா கடைசிவரை பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் விடிந்ததும், எருமைகள் குளத்தில் இறங்குவதற்கு முன், என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அப்போது எல்லோரும் வெறுங்காலோடு ஆடுவார்கள். அத்தனை கால்களும் மண்ணில் அப்படியே பதிந்திருந்தன.

கோலுக்கு முன்னால் நடுவிலும் வலப்பக்கத்திலும் மண் மிதிபட்டு உழுத வயல்போலக் கிடந்தது. இடப்பக்கம் மட்டும் ஒரே ஒருவரின் காலடிகள். கோலை நோக்கிப் போயிருந்தன, திரும்பியிருந்தன, மறுபடியும் போயிருந்தன. எதிரணிக்காரர்கள்கூட அவரை மறிக்க வந்த தடம் இல்லை. பந்து உருண்ட தடமும் இல்லை.

அப்பா குனிந்து ஒரு பதிவைக் காட்டினார். விரல்கள் ஆழமாகவும் குதிகால் லேசாகவும் இருந்தன.

"சும்மா நிக்கவனுக்குக் காலு இப்படிப் பதியுமா மக்களே?"

"பதியாது" என்றேன்.

வீட்டில் சித்தப்பா கிணற்றடியில் உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார்.

"எடப்பக்கம் பந்து ஏம்ல போவல்ல?"

"அவனுக்கு வாங்கத் தெரியாது அண்ணே."

"குடுத்துப் பாத்தியா?"

சித்தப்பா வாய் கொப்பளித்துத் துப்பினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"குடுத்தா அவன் போட்டிருவான்."

"போடட்டுமே. அதுக்குத்தானே சம்பளம்?"

"போட்டா தூக்காண்டாமா? ஊரு முழுக்கக் கரையில நிக்கும். அவனைத் தோளுல ஏத்திட்டு வந்தா எங்களை எந்த வீட்டுல ஏத்துவாங்க? ஞாயித்துக்கிழமை கோயிலுல பக்கத்துல ஒருத்தன் இருப்பானா? நீங்களே சொல்லுங்க."

அப்பா கிணற்றுக்குள் பார்த்தபடி நின்றார். இடது ஓரத்துக்காரர் மெலிந்தவர் என்பது என் நினைவுக்கு வந்தது.

"அவரு கனமே இருக்கமாட்டாரு சித்தப்பா" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அப்பா முதலாளியைப் பார்க்கப் போனார். நானும் போனேன். இடது ஓரத்துக்காரரை அனுப்பவேண்டாம், ஐந்து பேரில் அதிகம் ஓடுகிறவர் அவர்தான் என்று அப்பா சொன்னார். கூடவே, கோல் போட்டவரைத் தூக்குவதை இனி நிறுத்திவிடலாம் என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சாரே?"

"அது நின்னா பந்து எடப்பக்கம் போவும்."

முதலாளி "சரி சாரே" என்றார். வியாபாரிக்குப் பலன் போதும், காரணம் வேண்டாம்.

அடுத்த ஆட்டத்தில் சித்தப்பா இடப்பக்கம் பந்தைத் தள்ளினார். இடது ஓரத்துக்காரர் அதை இரண்டு பேரைக் கடந்து கொண்டுபோய் கோலுக்குள் அடித்தார். கரையில் ஆரவாரம் எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் முதுகைக் காட்டி நடுக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் கோல் கம்பத்தை ஒரு கையால் பிடித்து ஒரு கணம் நின்றார். பிறகு தனியாக நடந்து வந்தார்.

அதன்பின் அந்தக் கோடை முழுவதும் குழு வென்றது. அவருடைய வேலையும் நிலைத்தது. எனக்கு மட்டும் குளக்கரை சலித்துவிட்டது. இப்போதெல்லாம் ஏன் யாரையும் தூக்குவதில்லை என்று வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன். 

"தூக்கினா முதுகு வலிக்குதாம் மக்களே" என்றார்.

நான் அதை நம்பினேன். அன்றைய குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, சித்தப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் முதுகுவலி சீக்கிரம் குணமாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மா ஆமென் சொன்னாள். சித்தப்பா தலை குனிந்திருந்தார். அப்பா எழுந்து விளக்கின் திரியைச் சரிசெய்யப் போனார். திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.