பிளாப்பியில் ஏறாத பாடு

எண்பதுகளின் கடைசியில், கம்ப்யூட்டர் தெரியும் என்ற திமிர் எனக்குத் தலைக்கேறியிருந்தது. எங்கள் ஏரியில் இறால் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்று எங்கள் ஊரான பசியாவரத்தில் வருடா வருடம் சீட்டுக் குலுக்குவார்கள். படித்த சீட்டை அங்கேயே கிழித்துப் போடுவது வழக்கம், பிறகு யாரும் மாற்றிவைக்க முடியாதாம். ஊர்க் கணக்கர் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை ஒழித்துக்கட்டக் கிளம்பினேன்.

பேரைத் தட்டினால் பாடு வர வேண்டும், அவ்வளவுதான் புரோகிராம். எப்படிச் சேமிப்பது என்பதில்தான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பேருக்குப் பேர் பிளாப்பியில் எழுதினால் அது கரகரவென்று இழுத்துக்கொண்டு கிடந்தது. எல்லாவற்றையும் மெஷினுக்குள்ளேயே வைத்திருந்து கடைசியில் ஒரே மூச்சில் எழுதினால், கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. வேகத்தையே எடுத்தேன். நூறு பேர்கூட இல்லாத பட்டியலுக்கு என்ன அவசரம் என்று கேட்டுக்கொள்ள எனக்குப் புத்தியில்லை.

கம்ப்யூட்டர் இருந்தது பழவேற்காட்டில், இறால் ஏற்றுமதி செய்த பாயின் ஐஸ் கிடங்கில். சீட்டன்று ஊரே படகேறி அங்கே வந்துவிட்டது. கணக்கரிடம் நோட்டை மூடச் சொன்னேன், பெரிய மனுஷன் மாதிரி.

அக்கா வீட்டுக்காரருக்கு ஏழெட்டு வருடமாக இறால் ஏறாத சேற்றுப் பாடுதான். அன்று முகத்துவாரத்துப் பாடு விழுந்தது. அந்த வருடத்துக்கு அவர்கள் பிழைத்தார்கள். அக்கா அழுதேவிட்டாள். தட்டினேன், சீட்டைக் கிழித்தார்கள். இன்னும் நாலு பேர் பாக்கி இருக்கும்போது கரண்ட் போனது.

கரண்ட் வந்தபோது பிளாப்பியில் ஒன்றுமில்லை.

"இன்னாபா, எங்க போச்சு எல்லாம்?" என்றார் கணக்கர்.

"கடைசில எழுதிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"கடைசி வந்துடுச்சு. எழுது."

அதற்குள் மூன்று பேர் முகத்துவாரம் தங்களுடையது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராகிவிட்டார்கள். ஊர் ஆளுக்கொன்றாகச் சொன்னது. நான் சாட்சி சொன்னேன். அக்காவுக்குத் தம்பி சொல்லும் சாட்சியை எவன் எடுப்பான்? மறுபடி குலுக்கினார்கள். அக்கா வீட்டுக்குப் பழைய சேறே வந்தது.

புரோகிராமை மறுநாளே திருத்தினேன். யாரும் சீந்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியம் வந்து அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். சோறு போட்டு சாம்பார் ஊற்றினாள். வலைக்காரன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வெட்கத்தில் கை சோற்றுக்குப் போகவில்லை.

"மீனு இருந்தா உனக்கு வெக்காம இருப்பனாடா? துன்னு," என்றாள்.