மோர்க்கடைக்கு அடியில் ஓடை

எங்கள் சீனியர் காலையில் மனை விற்கிற புரமோட்டர்களுக்கு வக்கீல். மதியத்துக்கு மேல் அவர்களை எதிர்க்கிற பஞ்சாயத்துகளுக்கு வக்கீல். லேஅவுட், அப்ரூவல், ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு விட்ட இடம் எங்கே போச்சு, இதுதான் எங்கள் பிழைப்பு. லா காலேஜ் முடித்து வந்த திமிரில் இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்திருந்தேன். கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்துக் கேஸ் வந்து மண்டையில் போட்டது.

மலையிலிருந்து ஏரிக்கு இறங்குகிற ஓடையை மூடி ஒரு புரமோட்டர் மனை போட்டார். ஓடையே கிடையாது என்று கோர்ட்டிலும் சாதித்தார். எங்கள் கட்சிக்காரர் பஞ்சாயத்து. ஆனால் தூக்கம் கெட்டு அலைந்தது ஓர் அக்காதான். ஓடைக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் ஒரு கிணறும். ஓடை போனால் கிணறும் போச்சு.

இடத்தைப் பார்த்து எழுத கோர்ட் ஒரு மூத்த வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. அவர் தேர்ந்தெடுத்த நாள் பௌர்ணமி. அப்படியே கிரிவலத்தையும் முடித்துவிடலாமே! வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி என்று வந்து நின்றார்.

"ஓடை எங்கப்பா?"

அக்கா சொன்னார்: "நீங்க நிக்கிறீங்களே, அதாங்க."

அவர் நின்றது அக்காவின் மோர்க்கடை முன்னால். கிணறு வற்றத் தொடங்கியதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அக்கா போடுகிற கடை. பள்ளத்தின் சுவடே இல்லாமல் தரை தாம்பாளம் மாதிரி இருந்தது.

"மண்ணு கொட்டுனது யாரு?"

"அவனுங்கதான் சார்!" முந்திக்கொண்டு கத்தினேன்.

புரமோட்டரின் டிராக்டர் டிரைவர் தலையைச் சொறிந்தார். "அக்காதாங்க கேட்டாங்க. கடை பள்ளமா கீது, ரெண்டு லோடு கொட்டிட்டுப் போடான்னு. மோரு கூட குடுத்தாங்க."

அக்கா என்னையே பார்த்தார்.

"பானை ஆடுச்சி தம்பி... கவுந்துடும்னு..."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பை அடக்கக்கூட முயலவில்லை. கமிஷனர் எழுதினார், எங்களிடம் கையெழுத்து வாங்கினார், நடையைக் கட்டினார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா கடையைப் பிரித்துப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"பாத்துக்கினு நிக்காத, வாரிக் கொட்டு!"

கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வாரினேன். இடுப்பளவு ஆழத்தில் 'ணங்' என்றது. ஓடையின் பழைய கல்கரை, வரிசை கலையாமல்.

"ஓடு தம்பி! அந்தாளக் கூட்டியா!"

கமிஷனர் பார்க்காத கல், கோர்ட்டுக்கு இல்லாத கல். ஓடினேன். "ஷூவ கழட்றா, கண்ணு தெரில?" என்று ஒரு பெரியவர் கத்தினார். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுடுகிற தாரில் குதித்துக் குதித்து ஓடி, ஒரு லிங்கக் கோயில் வாசலில் அவரைப் பிடித்தேன்.

"சார், கல்கரை தெரியுது சார். ஒரே ஒரு தடவ வந்து பாருங்க."

"கிரிவலத்துல திரும்பி நடக்கக் கூடாதுப்பா."

"ஆட்டோ புடிச்சிட்டு வரேன் சார்."

"வெளாடுறியா?"

"அப்ப நாளைக்காவது..."

"பாத்தாச்சு, எழுதியாச்சு. நீயும் கையெழுத்து போட்டியே." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் கொன்றது. "வந்தது வந்துட்ட. கூட நட. நல்லது."

கொப்புளக் காலோடு திரும்பினால், பள்ளத்தருகே ஒரு கான்ஸ்டபிள்.

"சாயங்காலம் ஜனம் நெரியும். எவனாவது உள்ள விழுந்தா நீ பதில் சொல்லுவியா? மூடும்மா!"

"சார், இது ஓடை சார்."

"ஓடையோ கீடையோ, மூடு."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் பின்னால் யாரும் வரவில்லை என்பதையும் பார்த்தார். வெட்டிய மண்ணை அவரே தள்ளத் தொடங்கினார். கல் ஒவ்வொன்றாக மறைந்தது. கிரிவலக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"நல்லா மிதி தம்பி," என்றார், மோர்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "கடை ஆடக் கூடாது."

மிதித்தேன்.