இணைப்பு அறுந்த பிறகும் பேசியவர்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையின் மாடியில் எனக்கு வேலை. எங்கள் மருத்துவமனை, ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி, ஓர் ஆராய்ச்சி நிலையம், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் வேகமான கேபிள் ஒன்று சேர்த்திருந்தது. டாக்டர்கள் அதில் ஸ்கேன் படங்களை அனுப்பி ஆலோசனை கேட்பார்கள். கேமராவையும் டிவியையும் இயக்குவது நான். ஜன்னல் வழியே மலை தெரியும். ஆனால் வெளிச்சம் டிவியில் விழுந்துவிடும் என்று கர்ட்டனை இழுத்தே வைத்திருப்பேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் கணவரை எங்கள் டாக்டர் இதய சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். கணவரின் தம்பி துணைக்குப் போயிருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நேரம், நிலத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று அக்கா இங்கேயே இருந்தார். டாக்டர்கள் பேசி முடித்ததும் கணவனும் மனைவியும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளட்டும் என்றார் எங்கள் டாக்டர்.

அக்கா டிவிக்கு வெகு அருகில் போய் நின்றார்.

"இன்னாங்க, இப்டி எளச்சிட்டீங்க?"

"இங்க உப்பே போட மாட்டேன்றாங்க" என்று அவர் சிரித்தார். "அது கெடக்கட்டும். அந்த மேட்டு நெலம்..."

அதோடு படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி, ஒரு கை கொஞ்சம் மேலே தூக்கியபடி. சத்தமும் போய்விட்டது. கிரிவலப் பாதையில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்க இணைப்பு வரவில்லை. அக்கா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் எழுப்பி அனுப்பினேன். மறுநாள் விடிவதற்குள் அவர் கணவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்து அக்கா மறுபடி மாடியேறி வந்தார்.

"அவரு இன்னா சொல்ல வந்தாருன்னு கேட்டுச் சொல்றியாம்மா?"

சென்னையில் அன்று அவர் பக்கத்தில் நின்ற நர்ஸை ஃபோனில் பிடித்தேன்.

"எங்க டிவியிலயும் அந்த அம்மா முகம் அப்படியே நின்னுடுச்சு மேடம். லைன் போயிடுச்சுன்னு சொன்னேன். அவர் காதுல விழல. ரொம்ப நேரம் அந்த முகத்தப் பாத்துப் பேசிட்டே இருந்தார். எனக்கு ஆஃப் பண்ண மனசு வரல."

அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அப்ப நான் வாயே தொறக்கலன்னு நெனச்சிட்டே போய்ட்டாரா?"

நர்ஸ் இன்னும் லைனில்தான் இருந்தார். ஃபோனை அக்காவிடம் கொடுத்தேன்.

"இல்லக்கா, அப்படி நினைக்கல. நடுநடுவுல சிரிச்சார். 'அவ இப்டித்தான், நான் பேசறப்ப பேசாம கேட்டுக்குவா'ன்னு என்கிட்டயே சொன்னார்."

"இன்னாதான் பேசினாரு?"

"மேட்டு நிலத்துல மல்லாட்ட பிடுங்கியாச்சான்னு. கிணத்துல தண்ணி கம்மியா இருக்கும், மோட்டாரப் பாத்துப் போடுன்னு. பொண்ண மேல படிக்க வைக்கணும்னு."

ஃபோனை வைத்துவிட்டு அக்கா, அவர் இருந்த அறையை ஒரே ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். டாக்டரிடம் அனுமதி வாங்கி இணைத்தேன். அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி இருந்ததால் நர்ஸ் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். டிவியில் வெளிர்ப்பச்சைச் சுவர் மட்டும் தெரிந்தது. அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

"புடுங்கியாச்சுங்க. காயவச்சிருக்கு. தண்ணி கம்மிதான், பாத்துத்தான் போடறேன். பொண்ணு படிக்கும். நீங்க அதப்பத்தி நெனக்காதீங்க."

நான் மைக்கை அணைத்து வைத்திருக்கவில்லை. அந்த முனையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "போதும்மா, நிறுத்திடு" என்றார்.

சில வருஷத்தில் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். இப்போதும் ஃபோனில் யாரோடாவது முகம் பார்த்துப் பேசும்போது படம் நின்றுவிட்டால் உடனே அணைக்க எனக்குக் கை வருவதில்லை. அந்தப் பக்கம் என் முகம் எப்படி நிற்கிறதோ, அதைப் பார்த்து அவர்கள் என்ன பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்று பதைக்கிறது.