முறிகண்டியில் அரைமணி நேரம்

பாவித்த சின்னக் காரை வாங்கிய நாளிலிருந்து அதன் குறைகளுக்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தேன். இடப்பக்கப் பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கும். வலப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக ஒருமுறை அடிக்கும். வைப்பர் மழை விட்ட பிறகுதான் உற்சாகமாக வேலை செய்யும். ‘எஞ்சின் சூடு’ என்ற பக்கத்தில் மட்டும் ‘குறை இல்லை’ என்று எழுதியிருந்தேன். பளையிலிருந்து வவுனியாவுக்கு நான்கு வருடமாகப் போய்வந்தும் ஊசி பாதிக்கு மேல் ஏறியதில்லை.

மனைவியின் கண் சத்திரசிகிச்சைக்கு எட்டு மாதம் காத்திருந்து வவுனியாவில் நாள் கிடைத்தது. காலை ஒன்பதுக்கு முன் நிற்க வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசி. அதற்கு முந்திய கிழமை என் சித்தப்பா இறந்துபோனார். சாவுத் துடக்கோடு கோயிலுக்குப் போவதில்லை. ஆகவே, வழக்கமாக நின்று தேங்காய் உடைக்கும் முறிகண்டிப் பிள்ளையாரை அன்று முதல்முறையாக நிற்காமல் கடந்தோம்.

மாங்குளத்தில் பொனற்றிலிருந்து ஆவி கிளம்பியது.

பக்கத்துக் கராஜ்காரர் குனிந்து பார்த்தார். “ரேடியேற்றர் அடைச்சுக் கனகாலம், அண்ணை. இவ்வளவு நாளும் எப்பிடி ஓடினனீங்கள்?”

“கொப்பியிலை குறை இல்லையெண்டு எழுதி வைச்சிட்டு ஓடினவர்,” என்றாள் மனைவி.

“வழியிலை எங்கையும் நிக்கிறனீங்களோ?”

“முறிகண்டியிலை. தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, பிளேன்ரீ குடிச்சு, ஒரு அரைமணித்தியாலம்,” என்றேன்.

“அதுதான். அங்கை ஆறித்தான் மிச்சத் தூரம் ஓடியிருக்கு. இண்டைக்கும் ஆறவிட்டு ஆறவிட்டுப் போங்கோ.”

ஏழு பத்திலிருந்து ஏழே முக்கால்வரை ஆறவிட்டு, அவர் தண்ணீர் நிரப்பித் தந்தார். ஓமந்தையில் இன்னொரு பத்து நிமிடம் நின்றோம். மனைவி மடியில் கிடந்த கிளினிக் கொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

மறுநாள் திரும்பும்போது, முறிகண்டியில் கோயிலிலிருந்து தள்ளிக் கச்சான் கடையடியில் பொனற்றைத் திறந்துவிட்டு நின்றோம். “கச்சானுக்குத் துடக்கில்லைத்தானே,” என்று ஒரு கண்ணை மூடிய கட்டோடு அவள் நிலக்கடலைக் கோது உடைத்தாள்.

அடுத்த கிழமையே புது ரேடியேற்றர் போட்டேன். அதன் பிறகு நிற்கத் தேவையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பயணத்திலும் அதே அரைமணி நேரம் நின்றோம்.

போன மாதம் மல்லாவிக்காரர் ஒருவர் காரை வாங்கினார். கொப்பியையும் கேட்டார். கொடுக்குமுன் புரட்டிப் பார்த்தேன். மனைவி கண்ணாடி இல்லாமலே என் தோளுக்கு மேலால் வாசித்தாள். “இந்தக் ‘குறை இல்லை’யை வெட்டுங்கோ.”

வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: ‘முறிகண்டியில் அரைமணி நேரம் நின்று பழகிய கார்.’