ஓணக்கோடியா, பொங்கல் பையா?

கேண்டீன் சாயாவில் சீனி குறைந்த அன்றே நான் சொன்னேன், அடுத்துப் பண்டிகைப் பரிசில்தான் கை வைப்பார்கள் என்று. யார் கேட்டார்கள்?

இன்று கேரள எல்லையோர உதியன்குளங்கரை ஆபீசில் மேனேஜர் சிரித்துக்கொண்டே அறிவித்தார்.

"செலவு கூடிப்போச்சு. இனி மலையாளிக்கு ஓணக்கோடி வேட்டி, தமிழனுக்குப் பொங்கல் பை. ஒண்ணுதான் உண்டு. யாரு எதுன்னு கையைத் தூக்குங்க."

இத்தனை வருடமும் எல்லோருக்கும் இரண்டும் கிடைத்தது. நாங்களோ சர்ச்சில் தமிழில் ஜெபித்து, சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசுகிறவர்கள்.

பக்கத்து நாற்காலி செல்வராஜ் பதறிவிட்டான். "சாரே, எனக்க அம்மை தமிழு, கெட்டினவ மலையாளமாக்கும். நான் எதுக்குத் தூக்க?"

நான் எழுந்தேன். "சாரே, தமிழா மலையாளமான்னு எல்லைப் போராட்டம் வருசக்கணக்கா நடந்தும் தீராத காரியமாக்கும் இது. ஒரு வேட்டிய மிச்சம் பிடிக்க நீங்க மத்தியானத்துக்குள்ள தீர்க்கப் போறியளா?"

ஆபீசே கைதட்டியது.

சரி, செல்வராஜும் இதைப் படிப்பான் என்பதால் சொல்லிவிடுகிறேன். அந்த வசனம் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் தோன்றியது. ஆபீசில் முதல் ஆளாக ஓணத்துக்குக் கை தூக்கியது நான்தான். ஓணம்தானே முன்னால் வருகிறது?

பொங்கலுக்குள் மேனேஜர் மாற்றலாகிப் போய்விடுவார், அப்போது நான் தமிழன். நீங்கள் எதற்குத் தூக்குவீர்கள், மக்கா?