எதிர்க்கடைக்காரரும் என் இளைப்பும்

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் எனக்குத் துணிக்கடை. எதிரே அரிசிக்கடை வைத்திருந்தவரும் என்னைப் போலவே கடல் கடந்து வந்தவர். இருவருக்கும் ஒரே வயது. பெண்டாட்டி பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இந்தியாவில். உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குச் சேர்ந்தே மேடேறுவோம். கீழே தொடங்கும் வாக்குவாதம் பள்ளிவாசல் படியில்தான் ஓயும். மழை எப்போது விடும் என்பதற்குக்கூட எங்களுக்குள் சண்டை வரும். ஊரிலிருந்து கடிதம் வராத வாரங்களை அந்தச் சண்டையை வைத்துத்தான் கடத்தினேன்.

அப்போதுதான் இளைப்பு நோய் வந்து சேர்ந்தது. துணிக் கட்டைப் பிரிக்கையில் எழும் தூசியில் தொடங்கி, பனிக்காலத்தில் முற்றியது. ஆஸ்பத்திரியில் ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தால் நெஞ்சு கொஞ்சம் இளகும். ஆனால் அந்த மருந்து மூச்சுக்குத்தான், பயத்துக்கு இல்லை. அடுத்த மூச்சு வருமா என்று காத்துக் கிடக்கிறவனுக்கு வேறு எந்த நினைப்பும் ஒட்டாது. போகப் போக என் உடம்பின் குணத்தைப் படித்துக்கொண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேடேறக் கூடாது. சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும். நடக்கலாம், இல்லாவிட்டால் பேசலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யப் பேராசைப்படக் கூடாது.

யாரிடமும் சொல்லவில்லை. இருமுகிறவன் என்றாலே சயரோகம் என்று முடிவு கட்டுகிற ஊர். நான் கிழித்துக் கொடுக்கும் துணியை எந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண் தன் பிள்ளைக்குப் போர்த்துவாள்? மச்சானிடமும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முன்கூட்டியே தனியாகக் கிளம்பினேன். வழியில் நின்று செருப்பைச் சரிசெய்வேன், சாக்கடையைப் பார்வையிடுவேன். சாக்கடை கழுவும் மேஸ்திரிகூட அதை அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டின் உச்சியில் மூச்சுக்குத் தவித்தபடி, முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் நாலைந்து பேருடன் வந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று உரக்கச் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கடமை. பகையாளிகூடப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவான். எனக்கோ ஓர் எழுத்துகூட வரவில்லை. கையை மட்டும் தூக்கினேன். அது தோட்டத்துத் துரை கூலியாளுக்குக் கை காட்டுவதுபோல ஆகிவிட்டது.

"மொதலாளி பெரிய ஆளாயிட்டாரு. வாயத் தொறந்தா வலிக்கும்ல" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. திமிர் பிடித்தவன் என்ற பெயர் தெரு முழுக்கப் பரவியது. நோயாளி என்ற பெயருக்கு இது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டேன். ஆனால் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு பேசாமலிருப்பது பெரும்பாடு. அவர் கடையில் யாராவது சிரித்தால், என்ன சொல்லியிருப்பார் என்று நாளெல்லாம் யோசிப்பேன். நெஞ்சடைக்கும்போது நான் பயந்தது சாவுக்கு இல்லை. பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் சாவதற்குத்தான்.

ஒரு தூறல் காலையில் புதுக் கட்டைப் பிரித்தபோது அடைப்பு கண்மண் தெரியாமல் வந்தது. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் தெருவைத் தாண்டி ஓடி வந்தார். மூச்சு திரும்பும்வரை என் முதுகைத் தடவியபடியே நின்றார்.

"இதச் சொல்லக் கூடாதாடா பாவி? நான் ஒன்ன என்னென்னமோ நெனச்சேனே!" என்று அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. மச்சான் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், அன்றைக்கு நோயின்மேல்கூடக் கோபம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சேர்ந்தே மேடேறினோம். எனக்காகக் காலடியைச் சுருக்கி நடந்தார். "நில்லுங்க, கொஞ்சம் ஆறிட்டுப் போகலாம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. இன்றைக்கு மழை விடாது என்றேன். "ஆமாங்க" என்றார். வேண்டுமென்றே, விட்டுவிடும் என்று மாற்றிச் சொன்னேன். அதற்கும் "ஆமாங்க" என்றார். வாராவாரம் இதே கதைதான். இஞ்சித் தண்ணீர் கொண்டுவருவார், கம்பளியைப் போர்த்திவிடுவார். ஒரு குறையும் வைக்கவில்லை. பேசாமலிருந்த மாதங்களில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பாதி மேட்டில் நின்றேன். ஓர் அரிசிக்கடைக்காரனை என்ன சொன்னால் அடிக்க வருவானோ அதைச் சொன்னேன்.

"ஒன் தராசு கள்ளத் தராசுடா மச்சான். தெருவுக்கே தெரியும்."

திட்டுடா, ஒரேயொரு தரம் திட்டுடா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் என் தோளை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"பேசாதீங்க. மூச்சு வாங்கும்" என்றார்.